தங்கச்சி தூக்கிய கை

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. லாண்டிரிக்குள் கணுக்கால் உயரத்துக்குச் சாக்கடைத் தண்ணீர். தெருக் குழாய் அடைத்துக்கொண்டு கடைக்குள் தண்ணீர் ஏறுவது புதிதில்லை. ஆனால் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அடுக்கியிருந்த ஓட்டல் விரிப்புகள் வரைக்கும் அது ஏறியது இதுதான் முதல் தடவை. யார் யாரோ கழுவிவிட்டது எல்லாம் வெள்ளை விரிப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. லாண்டிரி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். பிறகு, நின்று என்ன ஆகப்போகிறது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள்.

தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் லாண்டிரி அக்காதான். சொந்த நாட்டை விட்டு இந்த ஊருக்கு வந்தபோது தங்கச்சி பள்ளிக்கூடப் பெண். அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் இந்த இஸ்திரிப் பெட்டியின் சூட்டில்தான்.

பாதித் தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க ஓட்டு எந்த வார்டுலம்மா?"

"எனக்கு ஓட்டு இல்லீங்க. கடைதான் இருக்கு. வரி கட்டறேன்."

"அப்படியா? அப்போ கட்டிட ஓனரைப் பேசச் சொல்லுங்க. அவங்க சொன்னா சீக்கிரம் நடக்கும்."

கட்டிடக்காரர் இருப்பது கடலோரத்தில், வேறொரு ஊரில். இந்தத் தெருவுக்கு அவர் வருவது தேர்தல் அன்றைக்கு மட்டும்தான். சொத்து இருப்பதால் அவருக்கு இந்த வார்டில் ஓட்டு உண்டு. விஷயத்தைச் சொன்னதும் போனிலேயே சிரித்தார். "அந்த ஏரியா கொஞ்சம் நாறத்தாம்மா செய்யும். ஜன்னலைத் திறந்து வையுங்க."

ஜன்னலைத் திறந்தால் வெளியே இருக்கிற நாற்றமும் சேர்ந்து வரும் என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. லாண்டிரி அக்கா போனைத் துடைத்து வைத்தாள். காதில்கூட ஏதோ ஒட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் தங்கச்சி புருஷன் வந்தான். இன்சூரன்ஸ் விற்பவன். சிரித்த முகம் என்றால் அப்படி ஒரு சிரித்த முகம். சாவு வீட்டில்கூட அவன் உதட்டை மூட ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கும். உள்ளே ஒரு அடி வைத்தவன், ஷூ நனையாமல் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு வாசலில் நின்றே பேசினான்.

"அண்ணி, ஒரு சந்தோஷமான சமாச்சாரம். வார்டு தேர்தல்ல நிக்கறேன். கட்சியிலயே கூப்பிட்டுச் சொன்னாங்க. நம்ம ஆளுங்கள்ல இதுவரைக்கும் யாருமே நின்னதில்ல."

அவளுக்கு நிஜமாகவே மனசு குளிர்ந்தது. "நல்லா இருங்க மாப்பிள்ளை. மொதல்ல இந்தச் சாக்கடைக்கு ஒரு வழி பண்ணுங்க."

"அது மட்டுமா? உங்களுக்கெல்லாம் ஓட்டு வாங்கித் தர்றதுதான் என் மொத வேலை. வார்டு சபையில அந்தப் பேச்சு வரப்போகுது, தெரியுமில்ல?"

தெரியும். பேக்கரிக்காரர்தான் அதற்காக நாயாய் அலைந்துகொண்டிருந்தார். குடியுரிமை இல்லாவிட்டாலும், ஊரில் நிரந்தரமாகக் குடியிருந்து வரி கட்டுகிறவர்களுக்கு நகராட்சித் தேர்தலில் மட்டும் ஓட்டு வேண்டும் என்பது கோரிக்கை. ஒவ்வொரு வார்டு சபையும் கூடி, இருக்கிற வாக்காளர்கள் கை தூக்கி ஒப்புக்கொண்டால் அது மேலே போகும்.

அன்றிலிருந்து லாண்டிரியின் முன்கட்டு மாப்பிள்ளையின் தேர்தல் அலுவலகம் ஆனது. சுவரில் அவன் படம். மேஜையில் அவன் துண்டுப் பிரசுரங்கள். லாண்டிரி அக்கா வருகிற போகிறவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டுப் பிள்ளை, பாத்துப் போடுங்க" என்று சொல்லிச் சொல்லித் துணியைக் கொடுத்தாள். தனக்கே இல்லாத ஓட்டை அடுத்தவரிடம் கேட்கிறோமே என்று ஒரு நிமிஷம் தோன்றும். அப்புறம் வேலை இழுத்துக்கொண்டு போய்விடும்.

சட்டைகளை வாங்க வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் மனசில் பட்டதைச் சொன்னார். "கோவிச்சுக்காதம்மா. உன்னை எனக்குப் பிடிக்கும். ஆனா ஓட்டு வேணும்னா குடியுரிமை வாங்கணும். ஊரோட நல்லது கெட்டது எல்லாத்துலயும் கடைசி வரைக்கும் நிக்கறவங்களுக்குத்தான் அது."

"வாங்கலாங்க. இங்க வாங்கணும்னா பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்கணும். அங்க எங்கம்மா படுத்த படுக்கையா இருக்கா. ராத்திரி போன் வந்தா காலையில கிளம்பியாகணும். வெளிநாட்டுக்காரியா போய் விசாவுக்கு வரிசையில நிக்க முடியுமா? ரெண்டு பேர்ல ஒருத்தியாவது விசா இல்லாம போகணும்னுதான் தங்கச்சியை மட்டும் வாங்கிக்கச் சொன்னேன்."

தபால்காரர் தலையை ஆட்டினார். "கஷ்டம்தான்" என்றார். "ஆனாலும் என் எண்ணம் அதுதான்." சட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். லாண்டிரி அக்காவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மனசில் இருப்பதை நேருக்கு நேர் சொல்லிவிட்டுப் போகிறவரிடம் என்ன கோபம்?

வார்டு சபை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில் கூடியது. முன்னால் வாக்காளர்களுக்கு நாற்காலி. நடுவே குறுக்காக ஒரு மஞ்சள் ரிப்பன். ரோட்டில் குழி தோண்டினால் கட்டுவார்களே, அதே ரிப்பன். அதற்குப் பின்னால் ஓட்டில்லாதவர்களுக்குப் பெஞ்சு. சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் மோவாயில் இடித்தது. பேக்கரிக்காரர் அடுப்படியிலிருந்து நேராக வந்திருந்தார், புருவத்தில் மாவு. லாண்டிரி அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் மாப்பிள்ளையும் தங்கச்சியும். கடலோரத்திலிருந்து கட்டிடக்காரரும் வந்திருந்தார். யார் அவரைக் கூப்பிட்டார்கள் என்று அவள் யோசிக்கும்போதே, மாப்பிள்ளை குனிந்து அவர் காதில் ஏதோ சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளை பேச எழுந்தபோது லாண்டிரி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். நம்ம ஆள் பேசப்போகிறான்.

"நானும் வெளியில இருந்து வந்தவன்தான்" என்று ஆரம்பித்தான். "அதனால இதைச் சொல்ற உரிமை எனக்குத்தான் ஜாஸ்தி. படிச்சு, பரீட்சை எழுதி, வரிசையில நின்னு வாங்கினேன் இந்தக் குடியுரிமையை. அதைச் சும்மா தூக்கிக் குடுத்தா அதுக்கு என்ன மதிப்பு?"

முன்வரிசையில் கை தட்டினார்கள். பேக்கரிக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்வையை மாப்பிள்ளையிடமிருந்து எடுக்கவில்லை. ஏதாவது வளைத்துத் திருப்பி நல்ல இடத்துக்கு வருவான் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள். அவனும் வளைந்தான், வேறு பக்கமாக.

"எங்க அண்ணியவே எடுத்துக்கங்க. பின்னால உட்கார்ந்திருக்காங்க. இந்த வார்டுல லாண்டிரி அக்காவைத் தெரியாதவங்க உண்டா? தனக்கு ஓட்டு வேணும்னு ஒரு நாளாவது கேட்டிருப்பாங்களா? தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருக்கறவங்க. அந்த மாதிரி நல்லவங்களை இந்த அரசியல் சாக்கடைக்குள்ள எதுக்குங்க இழுக்கணும்?"

எல்லாத் தலைகளும் திரும்பின. சில முகங்களில் அன்பு வேறு. நல்ல மாட்டைப் பார்க்கிற மாதிரியான அன்பு. லாண்டிரி அக்காவுக்குச் சாக்கடையை வாரியபோதுகூட இப்படிக் குமட்டவில்லை. எழுந்துவிட்டாள்.

"நான் ஏற்கெனவே சாக்கடைக்குள்ளதான் நிக்கறேன், மாப்பிள்ளை! நீங்கதான் ஷூ நனையும்னு வாசல்ல நின்னீங்க!"

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சபைத் தலைவர் மேஜையைத் தட்டினார். "உட்காருங்கம்மா. ஓட்டு இல்லாதவங்க பேச அனுமதி இல்ல."

"என்னைப் பத்தித்தானே பேசறாரு?"

"விதிம்மா. நான் என்ன பண்ண முடியும்?"

தபால்காரர் எழுந்தார். "அவங்களைச் சாட்சிக்கு இழுத்தா, அவங்க பதிலையும் கேக்கறதுதானே முறை?" தலைவர் அவரையும் உட்கார வைத்தார்.

கை தூக்கச் சொன்னார்கள். முதலில் ஆதரிப்பவர்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுந்தன. தங்கச்சியின் கை மடியிலேயே இருந்தது. சரி, பயப்படுகிறாள், எந்தப் பக்கமும் தூக்காமல் இருந்துவிடுவாள் என்று அக்கா நினைத்தாள். அது போதும் என்றுகூட நினைத்தாள்.

எதிர்ப்பவர்கள் என்றதும் ஹாலில் சலசலவென்று கைகள் எழுந்தன. கட்டிடக்காரரின் மோதிரக் கை. தபால்காரரின் ஒல்லிக் கை. அவர் திரும்பி, லாண்டிரி அக்காவை நேராகப் பார்த்துக்கொண்டுதான் தூக்கினார். மாப்பிள்ளையின் கை. அவன் இன்னொரு கையால் பெண்டாட்டியின் முழங்கையை லேசாக, அன்பாக, மேலே தள்ளினான். தங்கச்சியின் கை எழுந்தது. பாதியில் நின்றது. அப்புறம் தானாகவே முழுசாக எழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காய்ச்சலில் இராத்திரி முழுக்கத் தான் பிடித்துக்கொண்டிருந்த கை. எழுதப் பழக்கிய கை. கல்யாணத்துக்கு மருதாணி இட்டுவிட்ட கை. அதை வெட்டிக்கொண்டு வந்து தன் முன்னால் வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. வெளியே போய் பள்ளிக்கூடக் குழாயடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். பேக்கரிக்காரர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். கோரிக்கை தோற்றுப்போனது.

கடைக்கு வந்ததும் சுவரிலிருந்த படத்தைக் கிழித்தாள். துண்டுப் பிரசுரங்களை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

மறுநாள் தங்கச்சி வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அவரு பக்கத்துல இருந்தாருக்கா. கட்சிக்காரங்க எல்லாம் பாத்துக்கிட்டிருந்தாங்க. இதைச் செஞ்சாத்தான் சீட்டுன்னு சொல்லிட்டாங்களாம். நான் என்ன பண்றது?"

"மொதல்ல அவரு தள்ளினாரு. பாத்தேன். பாதிக்கு மேல யாரு தூக்கினது?"

தங்கச்சி அழுதாள். "எனக்கே தெரியலக்கா. எல்லாரும் தூக்கியிருந்தாங்க. நாமளும் அவங்கள்ல ஒருத்தின்னு ஒரு மாதிரி... நல்லா இருந்துச்சு. பொய் சொல்லல."

அந்த உண்மைதான் அக்காவால் தாங்க முடியாததாக இருந்தது. பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். "போடி" என்றாள். "கொஞ்ச நாளைக்கு என் கண்ணு முன்னால வராதே."

அந்த வாரமே அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தது. தங்கச்சி வாசலில் வந்து நின்று, உள்ளே வராமலே கேட்டாள். "நீ போறியாக்கா? நான் விசாவுக்குப் போட்டா..." அக்கா பயணப் பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். பழைய பாஸ்போர்ட்டைத் தங்கச்சியின் கண்ணெதிரே பையில் வைத்தாள். போய், அம்மாவைத் தேற்றி உட்கார வைத்துவிட்டுத் திரும்பினாள்.

திரும்பியபோது தேர்தல் முடிந்திருந்தது. மாப்பிள்ளை ஜெயித்திருந்தான். லாண்டிரி வாசலில் தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் போட்டு மூடியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரி, "உங்க மாப்பிள்ளை வந்ததால நமக்கெல்லாம் விடிவு, அக்கா" என்றாள். தரையில் ஈரம் இல்லை. நாற்றம் இல்லை. ஆனாலும் அவளுக்கு உள்ளே நுழையவே கூசியது. வரி கட்டியவள் கேட்டபோது நடக்காதது, சொந்தக்காரன் தயவில் நடந்திருக்கிறது. இனி ஆயுசுக்கும் இதற்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நன்றியை வாங்கிப்போக அவனே வந்துவிட்டான், கூடவே ஒரு போட்டோக்காரரோடு. இப்போது ஷூவோடு தாராளமாக உள்ளே வந்தான்.

"அண்ணி, இப்படி வாசல்ல வந்து நில்லுங்க. ஒரே ஒரு போட்டோ. சொன்னதைச் செஞ்சேனா இல்லையா?"

"சொன்னது ரெண்டு, மாப்பிள்ளை."

அவன் சிரித்தான். "இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்களா? சரி, நிஜத்தைச் சொல்லுங்க. உங்களுக்கு ஓட்டு இருந்திருந்தா எனக்குத்தானே போட்டிருப்பீங்க?"

இஸ்திரிப் பெட்டியைத் தட்டில் நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் அவனை முழுசாகப் பார்த்தாள்.

"போட்டிருப்பேன். தெருத் தெருவா கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன். அதை நெனச்சாத்தான் எனக்குக் குமட்டுது. வெளிய போங்க."

போட்டோக்காரர் முதலில் போனார். மாப்பிள்ளை கொஞ்சம் நின்று பார்த்தான். சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு அவனும் போனான்.

அன்று மாலை அவள் பேக்கரிக்குப் போனாள். "மறுபடியும் கேப்போம்" என்றாள். "இந்தத் தடவை நானும் அலையறேன்." பேக்கரிக்காரர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

விஷயம் தெரிந்து தபால்காரர் கடைக்கு வந்தார். "நான் மாறலம்மா. ஓட்டு விஷயத்துல என் கை அப்படியேதான் இருக்கும். ஆனா ஒருத்தரைப் பத்திப் பேசிட்டு அவங்க வாயைக் கட்டறது அசிங்கம். சபையில பேசறதுக்காவது விடணும்னு எழுதிக் குடுக்கறேன். எனக்கு ஓட்டு இருக்கில்ல, வாங்கிக்குவாங்க." வாங்கிக்கொண்டார்கள். ரொம்ப இழுத்தடித்து, ஓட்டில்லாதவர்களும் சபையில் எழுந்து பேசலாம் என்று அனுமதித்தார்கள். ரிப்பன் மட்டும் அப்படியே இருந்தது.

தங்கச்சி இப்போது போனில் பேசுகிறாள், அம்மாவைப் பற்றி மட்டும். அம்மா சாப்பிட்டாளா, தூங்கினாளா, மருந்து இருக்கிறதா. அக்காவும் பதில் சொல்கிறாள். அடுத்த சபை எப்போது என்று தங்கச்சி ஒருநாள் கேட்டாள். அக்கா தேதியைச் சொன்னாள். வருவேன் என்றோ மாட்டேன் என்றோ தங்கச்சி சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை.