அக்கா, இங்க பாரு

என் தம்பியை எல்லோரும் ‘ஃப்ளாஷ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமோ, பாஸ்போர்ட் படமோ, எது எடுத்தாலும் அவனுக்கு ஒரு பழக்கம். க்ளிக் சத்தம் அடங்குவதற்குள் படத்தை எதிராளியின் மூக்குக்கு முன்னால் நீட்டி, “இங்க பாருங்க, நல்லா இருக்கா?” என்பான். முன்பு ஒரு மாப்பிள்ளை ஆல்பம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு நின்றதற்கு, ஸ்டூடியோவுக்கே வந்து இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டுப் போனார். அன்று பிடித்த வியாதி இது. ஃபோனில்கூட வெளிச்சத்தை முழுசாகக் கூட்டித்தான் வைத்திருப்பான்.

நான் மருந்துக்கடையில் இருக்கிறேன். டாக்டர்கள் எழுதுகிற கோழிக்கிறுக்கலை என் கண்ணை நம்பித்தான் ஜனங்கள் மாத்திரையாக விழுங்குகிறார்கள். அந்தக் கண்தான் என் காலை வாரிவிட்டது. சாயங்காலமானால் படிக்கட்டு தெரியவில்லை. ஒருநாள் கரண்ட் போனபோது முதலாளி மேலேயே போய் மோதினேன். அவர் நல்ல மனுஷர், இருமல் மருந்து பாட்டில்கள் உடைந்ததற்குத்தான் வருத்தப்பட்டார்.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “பகல் பார்வைக்கு இப்போதைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ராத்திரிப் பார்வைதான் முதல்ல போகும். நட்சத்திரம் கிட்சத்திரம் பார்க்கணும்னு ஆசை இருந்தா இந்தக் குளிர்காலத்துலயே பார்த்துடுங்க. ஆனா ஒண்ணு, உங்க கண்ணு இருட்டுக்குப் பழக ரொம்ப நேரம் எடுக்கும். அரை மணி நேரமாவது சும்மா உட்காரணும். நடுவுல வெளிச்சம் பட்டா மறுபடி முதல்லேர்ந்துதான்.”

தம்பியிடம் முதல் பாதியைத்தான் சொன்னேன். அதைக் கேட்டே அவன் முகம் சுண்டிப்போய்விட்டது. இரண்டாம் பாதியை எதற்குச் சொல்ல வேண்டும்? வெளிச்சத்தை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அது தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

“அடுத்த வாரம் எரிகல் மழை வருதாம்க்கா. மழை மாதிரி கொட்டுமாம். நான் கூட்டிட்டுப் போறேன். படமும் எடுத்துடலாம்,” என்றான்.

தெருவிளக்குகள் முடிந்த பிறகும் காரில் வெகு தூரம் போய், ஏரிக்கரை ஒன்றில் இறங்கினோம். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தினான். லென்ஸில் பனி பிடிக்காமல் இருக்க, சூடு தரும் பைகளைத் தன் பழைய சாக்ஸில் போட்டு அதைச் சுற்றிக் கட்டினான். குளிரில் செத்துப்போகும் என்று மாற்று பேட்டரிகளைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டான். எனக்கு மடக்கு நாற்காலி, இரண்டு ஸ்வெட்டர், கம்பளி.

“மெத்தையைச் சுருட்டி வச்ச மாதிரி இருக்கேக்கா.”

“உன் சாக்ஸ் நாத்தத்துக்கு எரிகல் எல்லாம் வேற பக்கம் ஓடிடும். வேலையைப் பாருடா.”

விளக்குகளை அணைத்தான். முதலில் எனக்குக் கன்னங்கரேல் என்றிருந்தது. கையைக் கண்முன் ஆட்டினேன், தெரியவில்லை. பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரமோ, ஒரு நட்சத்திரம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. கரும்பலகையில் சாக்பீஸ் தூள் ஒட்டியிருப்பதுபோல் வானம் மெல்ல மெல்ல வரத் தொடங்கியது.

“அக்கா, இங்க பாரு!”

முகத்துக்கு நேராக அவன் ஃபோன். காமிரா எடுத்த படம் அதில் உடனே வந்துவிடுமாம். கறுப்பில் வெள்ளையாக ஒரு கீறல். “விழுந்துச்சு பாத்தியா, சூப்பரா மாட்டியிருக்கு!” அவன் ஓடிவிட்டான். நான் நிமிர்ந்தேன். வானம் இருந்த இடத்தில் பச்சையாக ஒரு சதுரம் மிதந்துகொண்டிருந்தது.

மறுபடி முதலிலிருந்து. நட்சத்திரங்கள் எட்டிப் பார்க்கும் நேரமாகப் பார்த்து, “அக்கா, இங்க பாரு!” வருவான். ராத்திரி முழுக்க இதே கதைதான். கடைசியில் வந்தது பெரியதாம். அவன் கத்திய கத்தலில் எங்கோ நாய்கள் குரைத்தன.

“நீயும் பார்த்தேல்ல?”

“பார்த்தேன்டா.”

அம்மா போன பிறகு அவன் இப்படித் துள்ளிக் குதித்து நான் பார்த்ததில்லை. ஃபோனை அணைடா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையை விடியும்வரை மென்று முழுங்கினேன். நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாக் கீறல்களையும் ஒரே படமாகச் சேர்த்து, சட்டம் போட்டு, என் ஹாலில் மாட்டினான். வருகிறவர்கள் எல்லாம், “நீ கொடுத்து வச்சவ, நேர்லயே பார்த்திருக்கே!” என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன்.

இந்த வருஷப் பரிசோதனைக்குத் தம்பியும் கூட வந்தான். ராத்திரிப் பார்வை அவ்வளவுதான் என்றார் டாக்டர். “போன குளிர்காலம் போய்ப் பார்த்தீங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். “அக்கா விடிய விடிய பார்த்தா டாக்டர். ஒண்ணு விடாம நான் ஃபோன்ல காட்டினேன்.”

“ஃபோன்லயா?” டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எழுத்து அட்டையைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். எனக்குச் சொன்னதை அவர் அவனுக்கும் சொன்னார்.

காரில் ஏறிய பிறகும் அவன் சாவியைத் திருப்பவில்லை. “ஒண்ணுகூட பார்க்கலையா?”

நான் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினேன்.

“ஏன்க்கா சொல்லலை?”

“எப்படிடா சொல்றது? நீ அப்படி ஓடி ஓடி வந்தே.”

எரிகல் மழை மறுபடி வந்தது. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. காமிரா, ஃபோன் இரண்டையும் வீட்டில் போட்டுவிட்டு அதே ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனான். காரை விட்டு இறங்கும்போது, “வானம் துடைச்சு விட்ட மாதிரி இருக்குக்கா,” என்று அவனேதான் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அரை மணி நேரத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். எனக்குக் கம்பளிக்குள் தலையை விட்ட மாதிரிதான் இருந்தது.

சட்டென்று அவன் மூச்சு நின்றது. விரல்கள் என் கையை இறுக்கின.

“விழுந்துச்சாடா?”

“இல்லக்கா.”

கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே இறுக்கம்.

“இப்போ?”

“இல்லக்கா. ஒரே மேகம்.”

எதையும் அடுத்த நொடியே மூக்குக்கு முன்னால் நீட்டுகிறவன், ஒவ்வொன்றாக என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டிருந்தான். ஒளிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான்தான்.

“ஃபோனை எடுத்துட்டு வந்திருக்கலாம்டா,” என்றேன்.

அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“என்னடா?”

“ஒண்ணுமில்லக்கா. சளி பிடிச்சிருக்கு.”