மாதாவிடம் ஒரு பேரம்

மெக்சிகோவில் எங்கள் புவெப்லா ஊரில் குடியை விட நினைக்கும் ஆண்கள் கோயிலுக்குப் போய் குவாதலூப்பே மாதா முன்னால் சத்தியம் செய்வார்கள். எத்தனை மாதம், நடுவில் எந்தெந்த நாளுக்கு விலக்கு என்று கோயில் சாமியாரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் எவாரிஸ்தோ மாதாவிடமே பேரம் பேசுகிற ஆள்.

"ஆறு மாசம், சாமி. தம்பி கல்யாணம், சிநேகிதன் புள்ளைக்கு ஞானஸ்நானம், ஃபுட்பால் ஃபைனல், அப்புறம் எங்க நயேலியோட பதினஞ்சாவது பிறந்தநாள். இது மட்டும் விட்டுடுங்க."

"மத்த நாள்ல உனக்கு ஊத்திக் குடுக்க யாருப்பா இருக்கா?" என்றார் சாமியார்.

பக்கத்தில் நின்ற என் மகள் நயேலி சிரிக்கவில்லை. "மத்ததெல்லாம் எடுத்துக்கோப்பா. என் நாளு கிடையாது. அன்னிக்கு நீ குடிச்சா, முதல் ஆட்டம் மாமாவோடதான்."

பெண்ணுக்குப் பதினைந்து நிறையும் விழாவில் அப்பா ஊர் முன்னால் அவளைப் பற்றி நாலு வார்த்தை பேசி, முதல் ஆட்டம் அவளோடு ஆடுவது எங்கள் வழக்கம். எவாரிஸ்தோவின் முகம் வாடிவிட்டது.

"அன்னிக்குத்தான் முக்கியமா வேணும்" என்று முனகினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன், குடிக்காட்டி கால் ஆடாதா?"

"கால் ஆடும். ஊரு முன்னாடி இவளைப் பத்திப் பேசணுமே. எங்கப்பா குடிச்சா மட்டும்தான் என்னைக் கட்டிப்பிடிப்பாரு. குடிக்காம பாசம் காட்டறது எப்படின்னு எனக்குத் தெரியாதுடி."

இத்தனை வருஷமாக அவர் பாட்டிலோடு மல்லுக்கட்டிய எனக்கு அழுகை வந்துவிட்டது.

"செவ்வாய்க்கிழமை பின்னாடி ரூம்ல குடியை விட்டவங்க கூட்டம் ஒண்ணு நடக்குது. வந்து பேசிப் பழகு. திக்கினா திக்கட்டும்" என்ற சாமியார் குரலைத் தாழ்த்தினார். "நானும் அங்கதான் பழகினேன்."

எல்லாச் செவ்வாயும் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

விழாவில் மைக்கைப் பிடித்தவருக்கு வியர்த்துக் கொட்டியது. "நயேலி..." அதற்குமேல் வரவில்லை. சிநேகிதன் ஒருவன் டெக்கீலாவை நீட்டினான். "ஒரு மடக்கு அண்ணே, தானா வரும்."

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கிளாஸை வாங்கினார், பார்த்தார், அவனிடமே கொடுத்தார்.

"எனக்குப் பயமா இருக்கு, கண்ணு" என்றார் மைக்கில்.

"எனக்குந்தான்பா. செருப்பு வேற கடிக்குது."

கூடமே சிரித்தது. "நீ பொறந்த அன்னிக்கு உன்னைத் தூக்கவே பயந்தேன். இன்னும் அந்தப் பயம் போகல. உன் மேல எனக்கு அவ்வளவு பாசம்" என்றார். பிறகு ஆடினார். அவள் காலை மிதித்து மிதித்து ஆடினார்.

குடித்த இரவுகளில் அவர் கொட்டுகிற பாசமெல்லாம் விடிந்தால் அவருக்கு நினைவிருக்காது. மறுநாள் காலை காபியோடு வந்து உட்கார்ந்தார்.

"நேத்து ஒழுங்காப் பேசினேனா?"

"என்ன பேசினே?" என்றாள் நயேலி, வேண்டுமென்றே.

ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னார்.