புளி போட்டுத் துலக்கிய ரேடியேட்டர்

லோரி என் பட்டறைக்குள் நுழைவதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. முன்னால் ஆவி பறக்க, கீழே தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு, கிள்ளான் கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்த சபாபதி குதித்து இறங்கினான். பக்கத்திலிருந்து தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன், வெள்ளைக் காற்சட்டையில் அழுக்குப் படாமல் மெதுவாக இறங்கினார். கூடவே அவருடைய மச்சினன். அவன் எதற்கு வந்தான் என்று நான் கேட்கவில்லை.

"மூணு நாளா ஒழுகுது, ஜெயராஜு. தண்ணி ஊத்தாம ஓட்டி இவன்தான் கெடுத்துட்டான். ஃபிட்டர் வாயால அத ஒரு வார்த்த சொல்லிட்டா நல்லது" என்றார் கிராணி.

"இல்லண்ணே, வழியெல்லாம் ஊத்திக்கிட்டுத்தான் வந்தேன்" என்றான் சபாபதி.

மலாயாவில் ரப்பர் விலை படுத்துக் கிடந்த வருஷம் அது. வேலை போனவனை வேறு தோட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பலேற்றி இந்தியாவிலுள்ள ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சபாபதி பிறந்ததே இந்தத் தோட்டத்துக் கூலி லயத்தில். அவனை எந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவது?

ரேடியேட்டரைக் கழற்றினேன். பித்தளை கல்யாண வீட்டுக் குத்துவிளக்குபோல் மின்னியது. கவிழ்த்துக் குலுக்கினால் உள்ளேயிருந்து நாரும், ஒரு புளியங்கொட்டையும் விழுந்தன.

"என்னடா இது?"

"ஆயுத பூசைக்குப் புளி போட்டுத் தொலக்கினேண்ணே. வெளிய மட்டும் பளபளன்னு இருந்தா போதுமா? உள்ளயும் கரைச்சு ஊத்தி அலசிட்டேன்."

"லோரிடா இது! ஒங்க வீட்டுச் செம்பா?" கையிலிருந்த ஸ்பானரை மூலையில் விட்டெறிந்தேன். முட்டாளுக்கு மூன்று இடத்தில் அசிங்கம் என்பது சும்மாவா! கிராணி சிரித்தார். "அந்தக் கொட்டைய பத்திரமா வையி, சாட்சிக்கு ஆகும்" என்றார்.

இரண்டு வாயையும் துணி சுற்றிய கட்டையால் அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்று அடித்தேன். அடித் தகட்டின் விளிம்பில் குமிழி வந்தது. வெளியே எடுத்துத் துடைத்தேன். ஓட்டையைச் சுற்றி மஞ்சளாக ஒரு பொருக்கு. நகத்தால் சுரண்டியதும் என்னவென்று தெரிந்துவிட்டது. கடுகு மாவும் முட்டை வெள்ளையும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சோம்பல்பட்டு, கொதிக்கிற தண்ணீரில் அந்த இரண்டையும் விட்டு அடைத்து, "பத்தவெச்சாச்சு" என்று அனுப்பியவன் நான்தான். நடுவழியில் மாட்டிக்கொண்டவன் வீடு போய்ச் சேரச் செய்கிற வேலை அது, பட்டறைக்காரன் செய்யக் கூடாதது. சபாபதியின் புளி அந்த அடைப்பை இளக்கிவிட்டது; அவன் துலக்கியது என்னுடைய பொய்யை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. தோட்டத்து வேலையும் தொடர்ந்து என்னிடமே வரும். அதையும் நினைத்துப் பார்த்தேன். நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"ஐயா, இது என் தப்பு. அன்னிக்கு நான் ஒழுங்கா பத்தவெக்கல. இவன் புளி ஊத்தலைன்னாலும் என்னைக்காவது ஒழுகியிருக்கும். தொரைகிட்டயே வந்து சொல்றேன்."

கிராணி சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இவன வேலைய விட்டு நிறுத்த தொரை நேத்தே கையெழுத்துப் போட்டாச்சு லா. நீயும் சொல்லிட்டா லயத்துல பேச்சு வராதேன்னு பாத்தேன். வேலையப் பாரு."

மச்சினன் தரையைப் பார்த்தான்.

"இவன் எடத்துல ஒம்ம மச்சினன உக்கார வெக்க என் ஓட்டைதான் கெடைச்சுதா?" என்று கத்தினேன். தெரு திரும்பிப் பார்த்தது. கிராணி பார்க்கவில்லை. சபாபதி என் அடுப்புக்கு விசிறினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொருக்கைச் சுரண்டி, திராவகம் தடவி, பழுக்கக் காய்ச்சிய செம்புக் கோலால் ஈயத்தை ஓடவிட்டேன். அப்படியொரு சுத்தமான பற்று அதற்கு முன் என் கையிலிருந்து வந்ததில்லை. லோரியில் மாட்டித் தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம், ஒரு சொட்டு இறங்கவில்லை.

மச்சினன் ஓட்டுகிற இடத்தில் ஏறினான். கிராணி பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். முன்னால் போய்க் கம்பியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்ப ஆள் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. யாரும் சொல்லாமலே சபாபதி போனான். வளைந்த இரும்புக் கம்பியைச் செருகி, கட்டைவிரலை ஒதுக்கிப் பிடித்து, இரண்டு அரைச் சுற்று, ஓர் இழுப்பு. கிளம்பிவிட்டது. கம்பியை உருவிக்கொண்டு விலகி நின்றான். லோரி அவனைத் தாண்டிப் போனது.

கம்பி அவன் கையிலேயே இருந்தது. அது இல்லாமல் அடுத்த முறை வண்டியைக் கிளப்ப முடியாது. கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை.

சபாபதி கம்பியை இடது கைக்கு மாற்றினான். மறுபடி வலது கைக்கே மாற்றிக்கொண்டு, லோரி போன திசையில் நடக்க ஆரம்பித்தான்.