பங்களாப் பனையில் அறைந்த ஆணி

மலையில், சித்திரபுரத்துக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டில், மேனேஜர் துரையின் பங்களா வாசலில் நின்ற பனை காய்ந்துகொண்டே வந்தது. அங்கே வாசல் பெருக்கும் குருவம்மாள் அதை நிமிர்ந்தே பார்ப்பதில்லை. அதைக் கொன்றது தான்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் மகள் சுருளியம்மாள் ஓடைப் பக்கம் எதையோ பார்த்துப் பயந்து, சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். ஊரிலிருந்து வந்த கோடாங்கி உடுக்கடித்துப் பேயை இறக்கினார். மகளின் உச்சிமுடியில் ஒரு கொத்தை அறுத்துக் கொடுத்து, பேய் அதோடு மரத்தில் அடங்கிவிடும் என்று புளியமரத்திலோ பனையிலோ ஆணி வைத்து அறையச் சொன்னார். தேயிலை விளைகிற குளிரில் புளியமரத்துக்கு எங்கே போவது? பனை என்று பேர் சொல்ல, வெள்ளைக்காரத் துரை காலத்தில் அழகுக்கு வைத்த அந்த ஒரு மரம்தான் இருந்தது. அதன் இலை மீன்வால் மாதிரி இருந்ததை அவளும் பார்த்தாள். விளாத்திகுளத்துப் பனங்காட்டில் பிறந்தவளுக்கு அதைப் பனை என்று சொல்லவே வாய் வந்திருக்கக் கூடாது. ஆனால் பிள்ளை கிடக்கிற கிடையில் மரத்துக்குச் சாதி பார்க்க முடியுமா? புருஷன் கருத்தப்பாண்டிதான் பங்களாத் தோட்டக்காரன். அவனிடம்கூட மூச்சு விடாமல், ஆள் இல்லாத நேரம் பார்த்து அறைந்துவிட்டு வந்தாள்.

மகள் தேறிவிட்டாள். இப்போது கொழுந்து எடுக்கப் போகிறாள். மரம்தான் உச்சியிலிருந்து கருக ஆரம்பித்தது. பேய் மரத்தைத் தின்கிறது, வேறென்ன? அவள் ஊர்ப் பனைகள் தலைமுறை தலைமுறையாகக் காய்ப்பவை. பனை தானாகச் சாகும் என்று அவள் கேள்விப்பட்டதே இல்லை.

புதிதாக வந்த துரைக்கு அந்த மரத்தின் மேல் உயிர். களைக்கு அடிக்கிற மருந்தைத் தூரில் ஊற்றிவிட்டாயா என்று கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டுக் கத்தினார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் எகிறுகிற மனுஷன், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "எங் கவனக்கொறவுதான் தொரை" என்றான். பெருக்கிக்கொண்டிருந்த குருவம்மாள் காதிலும் அது விழுந்தது. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? தோட்டத்துக்குப் புதுக் கன்று கொண்டுவரும் வியாபாரி மரத்தைப் பார்த்துச் சொல்லட்டும், அப்புறம் உன் வேலையைப் பற்றி முடிவு செய்கிறேன் என்றார் துரை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து அழகுச்செடி வியாபாரி அப்புசாமி லாரியில் வந்து இறங்கினார். குருவம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு, பெருக்கிய வாசலையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள். அவர் மரத்தைச் சுற்றி வந்து, கீழே கிடந்த ஓலையை எடுத்துத் துரையிடம் காட்டினார்.

"ஏனுங்க, இதையப் பனைன்னா நெனச்சீங்க? இது கூந்தப்பனைங்க. பாருங்க, ஓலை மீன்வாலாட்டம் இருக்குதுங்களா? பூக்குலை சடையாட்டம் தொங்குதுங்களா?"

"மருந்து ஊற்றினதாலதானே காயுது? அதைச் சொல்லுங்க."

"மருந்துமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க. இதும்பட சென்மமே அப்படித்தானுங்க. மொதக் குலை உச்சீல போடும். அப்பறம் ஒவ்வொண்ணா கீழ எறங்கும். அடிக் குலை பழுத்துச்சுன்னா மரம் முடிஞ்சுதுங்க. தங்கத் தண்ணி ஊத்துனாலும் நிக்காதுங்க."

துரை மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கருத்தப்பாண்டியின் தோளில் தட்டி, புதுக் கன்றுகளுக்குக் குழி வெட்டச் சொல்லிவிட்டு உள்ளே போனார். குருவம்மாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு நிம்மதியை அவள் மகள் தேறிய அன்றுகூட அனுபவித்ததில்லை.

ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. மண்வெட்டியோடு வந்த புருஷனிடம் கேட்டாள்.

"ஏங்க, நெசமாவே நீங்க மருந்து ஊத்துனீங்களா?"

"நா எங்க ஊத்துனேன்?"

"பெறகு எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "நீ ஆணி அறஞ்ச மக்காநாளே பாத்துட்டேன் புள்ள. சுருளி முடி எனக்குத் தெரியாதா? யாரு கண்ணுலயும் படாம ஆணி மேல மண்ணப் பெசஞ்சு அப்பி வச்சேன். மரம் காயவும், ஒன் ஆணிதான் கொன்னுருச்சுன்னு நெனச்சேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"தெரிஞ்சுமா ஒரு வார்த்த கேக்காம இருந்தீங்க?"

"கேட்டு என்னத்தக் காண? மரம் போனாப் போகுது. புள்ள சோறு திங்க ஆரம்பிச்சிருச்சுல்ல."