எழுதினார், சொல்லவில்லை

"இவர் வாயைக் கட்டலை. அதான் விஷயம்" என்றார் டாக்டர்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துச் சொன்னார். நாய் கடித்தால் நாயின் சொந்தக்காரரிடம் பேசுவார்களே, அதுபோல.

ஆறு வருடத்துக்கு முன்பு என் வயிற்றில் ஐந்து துளை போட்டு, இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி ஆக்கி அனுப்பியவர் அவர்தான். அப்போது நூற்று முப்பத்தெட்டு கிலோ இருந்தேன். ஒன்றரை வருடத்தில் தொண்ணூற்றொன்றுக்கு வந்தேன். பிறகு ஏற ஆரம்பித்தது. இப்போது நூற்று இருபத்தேழு. எடை போகட்டும். வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறி எரிக்கிறது. இரண்டு வருடமாகப் படுத்துத் தூங்கியதில்லை, நாற்காலிதான். குழாய் விட்டுப் பார்த்த வயிற்று டாக்டர், உணவுக்குழாய் புண்ணாகிக் கிடக்கிறது, மருந்துக்கு அடங்கும் கட்டம் தாண்டிவிட்டது, இன்னொரு அறுவை சிகிச்சை செய்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். கூடவே ஒன்று சொன்னார்: "ரெண்டாவது தடவை பண்றது முதல் தடவை மாதிரி இல்லை. ஆளைப் பார்த்துப் போங்க."

அக்கா டாக்டரிடம் சொன்னாள்: "நானும் அதைத்தான் சார் தலைப்பாடா அடிச்சுக்கறேன். அலமாரியைப் பூட்டிச் சாவியை என் பையிலேயே வச்சிருக்கேன். அப்பவும் எங்கயோ திங்கறான்."

எனக்கு நாற்பத்து மூன்று வயது.

"பரவாயில்லை, திரும்பப் பண்ணிடலாம்" என்றார் டாக்டர். "அடுத்த வாரமே இடம் இருக்கு."

"சார், போன தடவை என்ன பண்ணீங்கன்னு எழுதி வச்சிருப்பீங்களே, ஆபரேஷன் நோட்டு. அதுல ஒரு காப்பி வேணும்" என்றேன்.

முதல் முறையாக என்னைப் பார்த்தார். சிரித்தார். "அது உங்களுக்குப் புரியாது."

கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது, உள்ளே போய்விடும். பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அக்காதான் பேசினாள். நான் அந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டிருந்தேன்.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். பத்தொன்பது வருடமாக. ஒவ்வொரு லிஃப்டுக்கும் மேலே மெஷின் அறையில் ஒரு லாக் புத்தகம் இருக்கும். எந்தத் தேதியில் யார் வந்தான், எதைக் கழற்றினான், எதை மாட்டினான், எதை மாட்டாமல் விட்டான், எல்லாம் அதில் இருக்கவேண்டும். வேறு கம்பெனி பார்த்துக்கொண்டிருந்த லிஃப்டை நாங்கள் ஏற்றுக்கொள்ளும்போது, எங்கள் சூப்பர்வைசர் முதலில் கேட்பது சாவியை அல்ல, அந்தப் புத்தகத்தை. புத்தகம் இல்லாத லிஃப்டில் கை வைப்பவன், அவர் பாஷையில், "இன்சூரன்ஸ் போட்டுட்டு வந்த மாப்பிள்ளை."

என் கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ஓவர்லோடு'. நான் ஏறினால் லிஃப்ட் கத்தும் என்பது அவர்கள் கணக்கு. அந்த மணி எத்தனை கிலோவில் கத்தவேண்டும் என்று திருகி வைக்கிறவனே நான்தான். இருந்தாலும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

சாப்பிடும்போது மச்சான் ஆரம்பித்தார். அக்காவின் கணவர், நல்ல மனிதர், ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் உதாரணம் வைத்திருப்பார்.

"லிஃப்ட் கெட்டுப்போனா போட்ட கம்பெனிக்காரனைத்தானே மாப்ளே கூப்பிடுவாங்க? நீ மட்டும் எதுக்கு ஊரெல்லாம் ஆள் தேடணும்?"

"கெட்டதுக்குப் பயணிதான் காரணம்னு கம்பெனிக்காரன் சொன்னா, கூப்பிட மாட்டாங்க மச்சான்."

"பேச்சுல மட்டும் எடை குறையலை" என்றாள் அக்கா, என் தட்டைப் பார்த்தபடி.

நான் எழுந்துபோய்த் தட்டைக் கழுவினேன். பாதிச் சோறு குப்பைக்குப் போனது. அதையும் அவள் பார்த்திருப்பாள். இவன் வெளியே தின்றுவிட்டு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

அடுத்த வாரம் லீவு போட்டு இன்னொருவரைப் பார்க்கப் போனேன். கண்ணாடிக் கட்டடம். வரவேற்பறைச் சுவர் முழுக்கப் படங்கள்: இடது பக்கம் குண்டாக அழுமூஞ்சி, வலது பக்கம் ஒல்லியாகச் சிரித்த முகம். ஏதோ குண்டாக இருந்தவரை யாருமே சிரித்ததில்லை என்பதுபோல. நாலாவது மாடிக்கு லிஃப்டில் ஏறினேன். கத்தியது. உள்ளே இருந்த ஆறு பேரும் ஒரே சமயத்தில் என்னைத்தான் பார்த்தார்கள். கடைசியாக ஏறியவர் எனக்குப் பின்னால் வந்த ஒல்லியான பெண். அவளை யாரும் பார்க்கவில்லை. இறங்கினேன். இறங்கும்போது லிஃப்டின் பரிசோதனை அட்டை கண்ணில் பட்டது. தேதி முடிந்து பதினோரு மாதம். படியில் ஏறினேன், மாடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு.

அந்த டாக்டர் இனிமையானவர். கை கொடுத்தார்.

கட்டடக்காரர்கள் என்னிடம் கேட்கும் மூன்று கேள்வியைத்தான் அவரிடம் கேட்டேன். இந்த மாதிரி எத்தனை பார்த்திருக்கீங்க? கெட்டுப்போனது எத்தனை? கெட்டா யார் வருவாங்க?

"ரெண்டாவது தடவை பண்றதா? நிறையப் பண்ணியிருக்கேன்."

"எத்தனை சார்?"

"எண்ணி வைக்கலை, அவ்வளவு."

"தையல் விட்டு ஒழுகும்கறாங்களே. அது எத்தனை பேருக்கு?"

"என் கையில இதுவரைக்கும் ஒண்ணுகூட இல்லை."

"பழைய நோட்டு பார்க்கணுமா?"

"எதுக்கு? உள்ள போய்ப் பார்த்துக்கலாம்."

எங்கள் தொழிலில், 'என் லிஃப்டில் ஆள் மாட்டினதே இல்லை' என்று சொல்கிறவன் ஒன்று நேற்று சேர்ந்தவன், இல்லாவிட்டால் பொய்யன். இவர் நேற்று சேர்ந்தவர் இல்லை. நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். இறங்க இறங்கக் கோபம் ஏறியது. உள்ளே போய்ப் பார்த்துக்கொள்வாராம். அது என் உள்ளே அல்லவா?

மூன்றாவது டாக்டரை, குழாய் விட்டுப் பார்த்த டாக்டர்தான் சொன்னார். இவர் பெண். அம்மா வயதில்லை, அக்கா வயது. பழைய கட்டடம், சுவரில் படம் எதுவும் இல்லை. அக்காவும் கூட வந்தாள். நான் ஆள் ஆளாகத் தட்டிக் கழிக்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம்.

இந்த டாக்டரம்மா என் வயிற்றைத் தொடுவதற்கு முன்பே கை நீட்டினார். "பழைய ஆபரேஷன் நோட்டு?"

"கேட்டேன் மேடம். தரலை."

"எழுதிக் கேளுங்க. வாங்கினதுக்கு முத்திரை போட்டுத் தரச் சொல்லுங்க. கிடைக்கவே கிடைக்காட்டி எக்ஸ்ரே, ஸ்கேன் வச்சுப் பார்க்கலாம். ஆனா முதல்ல அது வேணும்."

என் மூன்று கேள்வியையும் கேட்டேன். அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஓரம் நைந்த, சாதாரண நோட்டு.

"ரெண்டாவது தடவைன்னு வந்தவங்க நூத்திப் பதினாலு பேர். அஞ்சு பேருக்கு ஒழுகிச்சு. நாலு பேர் பிழைச்சாங்க."

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அஞ்சாவது ஆள்?" என்றேன்.

"இறந்துட்டார். மூணாம் நாள் நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னார். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு பொழுது பார்ப்போம்னு காத்திருந்துட்டேன்." நோட்டை மூடினார். "இப்ப நாடித்துடிப்பு ஏறினா காத்திருக்கறதில்லை. உடனே உள்ள பார்த்துடுவேன். கெட்டா யார் வருவான்னு கேட்டீங்க இல்ல? நான் வருவேன். நான் ஊர்ல இல்லாத வாரம் இந்த ஆபரேஷன் வச்சுக்கறதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு இதே மாடியில இருக்கு, போறப்ப பார்த்துட்டுப் போங்க. சிகரெட் உண்டா?"

நான் அக்காவைப் பார்த்தேன். "ரெண்டு."

"வருஷத்துக்கா?" என்றாள் அக்கா.

"நாளைக்கு."

"அடப்பாவி!"

"ரெண்டு மாசம் தொடாம இருங்க" என்றார் டாக்டரம்மா. "பிடிச்சா புண் ஆறாது. தொட்டீங்கன்னா நான் பண்ணமாட்டேன்."

வெளியே வந்ததும் அக்கா வெடித்தாள். "செத்துட்டாங்கன்னு வாயாலயே சொல்றா. அவகிட்ட போறேங்கறியா? உனக்கு மூளை இருக்காடா?"

"மத்தவங்க சொல்லலைக்கா. அவ்வளவுதான் வித்தியாசம்."

"என்னத்தையாவது சொல்லிக்கோ. எனக்கு இருக்கறது ஒரே தம்பி."

எனக்கும் பயம்தான். நூற்றுப் பதினாலில் ஒன்று என்பது, அந்த ஒருவனுக்கு முழுசு.

பழைய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறை, படிக்கட்டுக்கு அடியில், கையளவு ஜன்னல். விண்ணப்பம் கொடுத்தேன், முத்திரை வாங்கினேன். "டாக்டர் கையெழுத்து வேணும், நாளைக்கு வாங்க" என்றார் குமாஸ்தா. மறுநாளும் அதே பதில். ஒவ்வொரு நாளும் ஒரு விண்ணப்பம், ஒரு முத்திரை. மதிய இடைவேளை முழுவதும் ஜன்னலுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பேசமாட்டேன். அது எனக்கு நன்றாக வரும்.

நாலாம் நாள் குமாஸ்தா தலையை வெளியே நீட்டினார். "தினமும் வந்து இப்படி உட்காருறீங்களே, பெஞ்சு ஒடிஞ்சா யார் பதில் சொல்றது?"

"ஒடிஞ்சா எழுதி வைங்க" என்றேன். "நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வைக்கறவங்களாச்சே."

என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. வராண்டாவில் போனவர்கள் நின்றார்கள். குமாஸ்தா என்னையும் என் கையிலிருந்த நாலு முத்திரையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே போனார். அரை மணியில் இரண்டு தாள் ஜன்னல் வழியே வந்தது.

எனக்குப் புரியவில்லை. அந்த விஷயத்தில் பழைய டாக்டர் சொன்னது சரிதான்.

டாக்டரம்மா வாசித்தார். இரண்டாவது தாளுக்கு வந்ததும் நின்றார். மேலே போய் மறுபடி வாசித்தார். அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள், நான் தடுத்தேன்.

"உங்களுக்கு இதை யாராவது சொன்னாங்களா?" என்றார்.

"எதை?"

"இரைப்பையோட மேல்பக்கம் மண்ணீரலை ஒட்டி இருக்கும். அங்க ரத்தம் கசிஞ்சிருக்கு. அதனால அந்தப் பக்கத்தை முழுசா எடுக்காம பாதியில விட்டுட்டு முடிச்சிருக்கார். தெளிவா எழுதியிருக்கார். விட்ட துண்டு வருஷம் போகப் போகப் பையாட்டம் விரிஞ்சிருக்கும். எடை திரும்பினதுக்கும், நெஞ்சு எரியறதுக்கும் அது ஒரு பெரிய காரணமா இருக்கலாம். படம் எடுத்தா தெரிஞ்சிடும்."

"அப்படி விடுறது தப்பில்லை" என்றார் டாக்டரம்மா. "ரத்தம் வந்தா நானும் நிறுத்துவேன். உயிர்தான் முதல்ல. நீங்களும் கொஞ்சம் சாப்பிட்டிருப்பீங்க, அது வேற. ஆனா ஆறு வருஷமா இதைச் சொல்லாம..." முடிக்கவில்லை. தாளை என் பக்கம் திருப்பி அந்த வரியின் கீழ் விரலை வைத்தார்.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு லிஃப்டின் கதவுப் பூட்டு, கதவு மூடினால்தான் லிஃப்டை ஓட விடும் பூட்டு, சரியாக இணையவில்லை. இரு முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்து லிஃப்டை ஓட்டிப் பார்த்தேன். சோதிக்கும்போது எல்லோரும் செய்வதுதான், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தேன். அன்று மாலை நினைவு வந்தது. காலையில் போய் எடுத்துக்கொள்ளலாம், புத்தகத்தில் எழுதினால் அசிங்கம் என்று விட்டுவிட்டேன். காலையில் கதவு திறந்தபடியே லிஃப்ட் மேலே ஏறியது. ஒரு பெண்ணின் செருப்பு மட்டும் குழிக்குள் விழுந்தது. கால் தப்பியது. அதற்குப் பிறகு எழுதாமல் நான் எந்த மெஷின் அறையையும் விட்டு இறங்கியதில்லை.

ஆகவே அந்த வெட்கம் எனக்குத் தெரியும். அது தெரிந்ததால்தான் கோபம் இரண்டு மடங்கானது. நானாவது எழுதவில்லை. பழைய டாக்டர் எழுதிவிட்டார். அழகாக, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு. பிறகு அந்தத் தாளைப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், வாயைக் கட்டவில்லை என்றார். அதை நானும் நம்பினேன். ஆறு வருடம், ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் திருடன் மாதிரி விழுங்கினேன்.

இரண்டரை மாதம் தள்ளி ஒரு தேதி குறித்தார் டாக்டரம்மா.

அன்று மாலை அக்கா சமையலறை அலமாரியின் பூட்டைக் கழற்றினாள். சாவியைக் கொண்டுவந்து மேசையில், என் எதிரில் வைத்தாள். மச்சானுக்கு அன்று உதாரணம் எதுவும் கிடைக்கவில்லை. செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார்.

"நான் திருடித் திங்கலைக்கா."

"தெரியும்டா."

"இப்பதான் தெரியும்."

அவள் அழுதாள். பரவாயில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பரவாயில்லாத ஒன்றைப் பரவாயில்லை என்று சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சாவி நாலு நாள் மேசையிலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இளம் பெண் குரல். "சார், டாக்டர் போன மாசமே உங்களுக்குத் தேதி சொல்லியிருந்தார். நீங்க உறுதி பண்ணவே இல்லையே?"

"நான் வரலைம்மா."

"சரி சார். வர விருப்பமில்லைன்னு எழுதிக்கலாமா?"

"அப்படி எழுதாதீங்க. மண்ணீரல் பக்கம் ஒரு துண்டு விட்டுப்போனது, ஆறு வருஷமா நோயாளிகிட்ட யாரும் சொல்லலை, அதனால வரலைன்னு எழுதுங்க."

"சார், இங்க அவ்வளவு எழுத இடம் இல்லை."

"அடுத்த பக்கத்துல எழுதுங்க" என்றேன். "எழுதிட்டு, டாக்டர்கிட்ட வாயாலயும் சொல்லுங்க."