செம்பருத்தி வேலிக்கு ஒரு காவல்

ஹைதராபாத் குஷாய்குடாவில் வரதராஜன் வீட்டுக்கு முன்புற மதில் கிடையாது. ஆளுயரச் செம்பருத்தி வேலிதான். பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, காலையும் மாலையும் அந்த வேலிக்குப் பின்னால்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். தெருவில் பாதிப் பேர் அவரோடு எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர்கள். தன் குரல் கேட்டால் ஷெட்டே நிமிர்ந்து நிற்கும் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தத்தித் தத்தி நடப்பதை அவர்கள் பார்க்கக் கூடாது.

இந்த ஏற்பாட்டில் குரங்குகளுக்கு உடன்பாடு இல்லை. கோடை தொடங்கியதும் வந்த கூட்டம் மொட்டு, கொழுந்து, இலை என்று பந்தி முறைப்படி சாப்பிட்டு முடித்தது. மிஞ்சியது குச்சி. வரதராஜன் அன்றோடு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்.

"நடக்காம இருந்தா கால் அப்படியே மரத்துப் போயிடும்னு டாக்டர் சொன்னாருப்பா" என்றாள் மகள் நீலா.

"இலை வரட்டும். நடக்கிறேன்."

ஆக, அப்பாவின் கால் செம்பருத்தியை நம்பி இருந்தது. நீலா எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். செய்து முடித்த பின், தப்பாகச் செய்துவிட்டோமோ என்று அதைவிட ஒழுங்காகக் கவலைப்படுகிறவள். மிளகாய்க் கரைசல் தெளித்தாள். குரங்குகள் இலையைத் தண்ணீர்த் தொட்டியில் அலசித் தின்றன. பழைய சிடிக்களைக் கட்டித் தொங்கவிட்டாள். ஒரு பெரிய குரங்கு அதில் முகம் பார்த்துப் பல்லிடுக்கில் சிக்கியதை எடுத்தது. வலை போட்டாள். குட்டிகளுக்கு ஊஞ்சல் கிடைத்தது.

கடைசியில், ஆம்பூரிலிருந்து வந்து இங்கே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் அப்துல் ரஹீமிடம் போனாள்.

"கொண்டமுச்சுக் கொரங்குப் படம் போடுங்க பாஜி. கறுப்பு மூஞ்சி, நீட்டு வாலு. அதைக் கண்டா இந்தச் செவத்த மூஞ்சிக் கொரங்குங்க ஊரைத் தாண்டி ஓடும். தோட்டக்காரங்க எல்லாம் நம்மகிட்டதான் வாங்குறாங்க."

"நிஜமா ஓடுமா பாய்?"

"ஹவ், ஓடும். சந்தேகமே நக்கோ."

சந்தேகம் இல்லாமல் நீலாவுக்குப் பழக்கமில்லை. ரஹீம் காட்டிய படங்களையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்து நேராக முறைக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அது இரண்டு கைகளையும் நெஞ்சருகே சேர்த்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தது. ஆறடிக்குப் பெரிதாக்கியும் கடலை விரல்களுக்குள் மறைந்தே கிடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கொண்டமுச்சு கைகூப்பி உட்கார்ந்திருந்தது. முறைப்பை மட்டும் பார்த்த நீலா இதைக் கவனிக்கவில்லை.

குரங்குகளும் கவனிக்கவில்லை. வேலியோரம் கயிற்றில் கட்டி நிறுத்திய மூஞ்சியைப் பார்த்ததும் ஓடின. குச்சிகளில் கொழுந்து விட்டது. வரதராஜன் வாசற்படி வரை வந்து வேலியை மேற்பார்வை செய்துவிட்டு, "முட்டி உயரந்தான் வந்திருக்கு" என்று திரும்பிப் போனார். படி வரை வந்ததே பெரிது என்று நீலா சந்தோஷப்பட்டாள்.

கவனித்தவர் எதிர்வீட்டுப் பத்மஜா. செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டமுச்சின் நெற்றியில் செந்தூரம் இருந்தது. நீலா தெருவைத் தாண்டிப் போய், தனக்குத் தெரிந்த தெலுங்கில் விளக்கினாள்.

"ஆன்ட்டி, அது குரங்கை விரட்ட வச்ச ஃப்ளெக்ஸ்."

"தெரியும்மா. சுவாமி எந்த ரூபத்துல வரணும்னு நாமளா சொல்றது? நீ உன் வேலையைப் பாரு. நைவேத்தியத்தை நாங்க பார்த்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். சனிக்கிழமைக்குள் வெற்றிலை மாலை, வடை மாலை, ஒரு சீப்பு வாழைப்பழம். வேப்பமரத்தில் உட்கார்ந்து யோசித்த குரங்குகளில் ஒன்று, பயத்தை வடை வாசனை ஜெயிக்க, இறங்கி வந்து கொண்டமுச்சின் மடியிலிருந்தே பழத்தை எடுத்தது. முறைப்பு மட்டும்தான், அடி கிடையாது என்று அதற்குப் புரிந்தது. கூட்டத்துக்கும் தகவல் போனது. பழத்துக்குப் பிறகு கொஞ்சம் கீரையும் சேர்த்துக்கொள்ளும் நல்ல பழக்கம் அவற்றுக்கு இருந்ததால், செம்பருத்தி மறுபடி குச்சியானது. படைத்ததை சுவாமியின் பரிவாரமே வந்து ஏற்றுக்கொண்டதில் தெருவுக்குப் பரவசம். ஒரு சீப்பு இரண்டு சீப்பாயிற்று.

நீலா ஃப்ளெக்ஸைக் கழற்றப் போனாள். கயிற்றில் கை வைப்பதற்குள் அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன.

"வீட்டுல நோயாளியை வச்சுக்கிட்டு சுவாமியைக் கிளப்புவாங்களா?" என்றார் பத்மஜா.

நீலா கையை எடுத்துவிட்டாள். ஒருவேளை அவர் சொல்வதும் சரியோ என்று ஒரு நிமிஷம் நினைத்ததற்காக, வீட்டுக்குள் வந்து தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை ராமசுவாமி வந்தார். ஆலையில் வரதராஜனுக்குக் கீழே வேலை பார்த்தவர். சீப்பெல்லாம் அவருக்கு அற்பம், முழுத் தாரோடு வந்திருந்தார். கட்ட இடம் தேடி, வேலியில் கொஞ்சம் துளிர் மிச்சமிருந்த ஒரே கிளையைப் பிடித்து வளைத்துத் தாரைக் கட்டினார். கிளை மளுக்கென்று முறிந்தது.

ஜன்னலோரம் இருந்த வரதராஜன் அதைப் பார்த்தார்.

"ராமசுவாமி."

குரல் குழறத்தான் செய்தது. ஆனால் ஷெட்டுக்குப் போதுமான அளவுக்கு இருந்தது. வாக்கர் தடதடவென்று படியிறங்கியது. தாங்கப் போன நீலாவை அவர் முழங்கையால் தள்ளிவிட்டார். மறைக்க ஓர் இலை இல்லை. மொத்தத் தெருவும் பார்க்க, காலை இழுத்து இழுத்துக் கேட் வரை வந்து நின்றார்.

"எதை எங்கே கட்டணும்னு அன்னிக்கும் உனக்குத் தெரியாது. இன்னிக்கும் தெரியல. அவுத்துடுய்யா."

ராமசுவாமி அவிழ்க்கவில்லை. கண் கலங்கிக் கைகூப்பினார், வரதராஜனைப் பார்த்து அல்ல. "சார் நடக்கிறார். கேட் வரைக்கும் வந்துட்டார்." பத்மஜா ஓடிப்போய்த் தேங்காய் எடுத்து வந்து உடைத்தார்.

"நான் இவனைத் திட்ட வந்தேன்" என்றார் வரதராஜன். யாரும் காதில் வாங்கவில்லை.

இப்போது அவர் காலையும் மாலையும் கேட் வரை நடக்கிறார். பழம் கட்ட வருகிறவர்களைத் திட்ட வேறு ஆள் இல்லை. அவரிடம் திட்டு வாங்கினால் நினைத்தது நடக்கிறது என்று அடுத்த ஏரியா மவுலாலி வரை பேச்சாகிவிட்டதால் கூட்டம் குறைவதில்லை. கொண்டமுச்சுக்குத் தகரக் கூரை வந்துவிட்டது. செம்பருத்திக்கு இலை வரவில்லை.

"அரளி வச்சா குரங்கு தொடாதாம்ப்பா. வேலியை மாத்திடலாமா?" என்று நீலா கேட்டாள்.

"வேலி எதுக்கு?" என்றார் வரதராஜன், வாக்கரை இழுத்துக்கொண்டே. "வர்றவன் மூஞ்சி தெரிய வேண்டாமா?"