பன்னிரண்டு முட்கள்

கைவலைக்கு ஒரு முழம் தூரத்தில் அந்த மீன் தலையை ஒரே ஒரு தடவை உதறியது. நூல் தொய்ந்தது, தூண்டில்கோல் விறைத்து நிமிர்ந்தது, அவள் படகுக்குள் தொப்பென்று பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டாள். கரையில் நின்ற அறுபது எழுபது பேரும் அதைப் பார்த்தார்கள்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளில், கிரீஸும் கம்பிக்கயிறுமாகப் பதினாறு வருடம் கழித்தவள். கைவலையைப் பிடித்திருந்தவர் அவளுடைய நாத்தனார், கணவனுக்கு அக்கா. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரே படகில் ஐந்து வருடம் உட்கார்ந்து முகம் சுளிக்காமல் இருந்ததே பெரிய விஷயம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

அன்றைக்கு முகம் சுளித்துவிட்டது.

"அவசரப்பட்டு இழுத்துட்ட" என்றார் நாத்தனார்.

"நான் இழுக்கல அண்ணி. அதுவா போச்சு."

"அதுவா எப்படிப் போகும்?"

அந்த ஏரியில் வருடத்துக்கு இரண்டு தடவை பாஸ் என்கிற பெருவாய் மீனைப் பிடிக்கும் போட்டி நடக்கும். பிடித்த மீனை உயிரோடு எடை போட்டு, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். எந்த ஜோடியின் மீன் பெரியதோ அவர்களுக்குக் கோப்பை. போட்டியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் நெட்டையான மனிதர். நிற்பவர்களை உட்காரச் சொல்வார், உட்கார்ந்தவர்களை எழுந்திருக்கச் சொல்வார். அதனால் அவருக்குக் கமிஷனர் என்று பெயர். தராசுக்குப் பக்கத்தில் நின்று அவர் சத்தமாகச் சொன்னார்:

"மீனுக்கு ஒரு கை தட்டுங்கப்பா! ஜெயிச்சது அதுதானே!"

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவள் பக்கம் திரும்பி, கொஞ்சம் கரிசனத்தோடு, "பெரிய மீனுக்கு மணிக்கட்டுல பலம் வேணும்மா" என்றும் சொன்னார். சிரித்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அந்தக் கரிசனம்தான் வீடு வந்து சேரும்வரை நெஞ்சில் கிடந்து அறுத்தது. முப்பது கிலோ மோட்டார் மூடியை ஒற்றை ஆளாகத் தூக்கி வைக்கிற மணிக்கட்டு அது.

வீட்டில் நூலைச் சுற்றி வைக்கும்போதுதான் முனையில் தொங்கிய தூண்டில் முள்ளைப் பார்த்தாள். வளைந்து கொக்கியாக இருந்த முள், கோணி ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். எதுவும் சொல்லாமல் கையை விரித்துக் காட்டினாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது உன் கை இல்லடி. இந்த முள்ளு பண்ண வேலை" என்றார். பிறகு, "நேத்து நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். உட்காரு, காபி போடறேன்" என்றார்.

காபி ஆறுவதற்குள் காரணம் பிடிபட்டுவிட்டது. முன்பெல்லாம் நைலான் நூல் போடுவார்கள். அது ரப்பர் மாதிரி கொஞ்சம் நீண்டு கொடுக்கும், மீன் உதறினால் பாதி வேகத்தை நூலே வாங்கிக்கொள்ளும். நேற்றைய போட்டிக்குத்தான் அறுபடாது என்று பின்னல் நூலுக்கு மாறினார்கள். பின்னல் நூல் இம்மியும் நீளாது. உதறல் அத்தனையும் நேராக முள்ளில் போய் இறங்கியிருக்கிறது. முள்ளோ பழைய மெல்லிசுக் கம்பி முள்.

"கயிற மாத்தினா கொக்கியையும் பாக்கணும். லிஃப்ட்ல இதை நான் தூக்கத்துலகூட சொல்லுவேன். இங்க கோட்டை விட்டுட்டேன்" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

மீன்பிடி சாமான் கடையில் முட்களுக்கென்றே ஒரு சுவர் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை சின்னச் சின்ன பாக்கெட்டுகள். கடைக்காரர் எதைத் தொட்டாலும் "அது நல்ல சாமான்" என்றார்.

"எது கெட்ட சாமான்?" என்று கேட்டார் நாத்தனார்.

கடைக்காரர் யோசித்தார். "கெட்ட சாமானை நான் வெக்கறதில்லீங்க."

"அப்ப எல்லாத்துலயும் ஒண்ணு குடுங்க."

இரையாக ரப்பர் புழு கோர்க்கிற மாதிரி வாய் அகலமான முட்களில் எட்டு வகை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், அவள் வேலை செய்யும் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பழுதுபார்க்கும் அறையில் சோதனை தொடங்கியது. மேஜை விளிம்பில் இருந்த இரும்புப் பிடியில் முள்ளின் நுனிப் பக்கத்தை இறுக்கி, நூல் கட்டும் வளையத்தில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தாள்.

கூட வேலை செய்பவன் எட்டிப் பார்த்தான். "என்னக்கா, யாருக்கு வலை?"

"பாஸுக்கு."

"நம்ம பாஸுக்கா? ரெண்டு முள்ளா போடுங்க. ஒண்ணுல மாட்ட மாட்டாரு."

"மீனுடா, மீன்" என்று துரத்திவிட்டாள்.

மெல்லிசு முள் ஐந்து கிலோவிலேயே கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்தது. அடுத்தது எட்டில். பளபளவென்று கறுப்பாக இருந்த ஒன்று ஒன்பது கிலோவரை அசையவே இல்லை. அவள் முகம் மலர்வதற்குள் 'டிக்' என்று இரண்டாக ஒடிந்து, துண்டு போய்ச் சுவரில் அடித்தது.

"வளையறவன்கூட பரவால்ல, சொல்லிட்டுப் போறான். இவன் சொல்லாம போறான்" என்றாள் அவள்.

கடைசியாக மாட்டியது ஆணி மாதிரி தடித்த முள். இருபது கிலோ இழுத்தும் அது அப்படியே இருந்தது. தராசுதான் கிறீச்சிட்டது. அவள் வெற்றியோடு நாத்தனாருக்குப் போன் போட்டாள். "கெடச்சிருச்சு அண்ணி! யானையே தொங்கலாம்!"

ஞாயிற்றுக்கிழமை அந்த முள்ளோடு ஏரிக்குப் போனார்கள். நான்கு மீன்கள் இரையைக் கவ்வின. நான்கும் துப்பிவிட்டுப் போயின. ஐந்தாவது மீன் படகுவரை வந்து, எதுவுமே நடக்காததுபோல வாயைத் திறந்து விடைபெற்றது.

அவள் தூண்டில்கோலைக் கீழே வைத்துவிட்டாள். யானை தொங்கும் முள்ளால் ஒரு மீனைப் பிடிக்க முடியவில்லை. நாத்தனார்தான் அந்த முள்ளை எடுத்து, அதன் நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தார். நகத்தில் கீறல் விழவில்லை. முள் வழுக்கிக்கொண்டு போனது.

"நாங்க தையல் போடற ஊசியும் இப்படி வளைஞ்சுதான் இருக்கும். ஊசி தடியா இருந்தா தோல்ல எறங்காது, தோலை இழுக்கும். டாக்டருங்க கத்துவாங்க. நீ தொங்கறத மட்டும் பாத்த. மொதல்ல எறங்கணும்ல?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "ஆமா அண்ணி! என் லிஃப்ட்ல கொக்கிய நானே மாட்டறேன். இங்க மீன் வாயில அதுவா மாட்டிக்கணும்!"

அன்று மாலையே நாத்தனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டாவது சோதனை. வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்த பழைய தோல் செருப்பின் வார்தான் மீனின் தாடை. தராசு இழுக்க, முள் எத்தனை கிலோவில் தோலைத் துளைத்து அடிவரை இறங்குகிறது என்று பார்த்தார்கள். தடித்த முள்ளுக்கு மூன்றரை கிலோ வேண்டியிருந்தது. மெல்லிசு முள் வெண்ணெயில் போவதுபோல இறங்கியது, ஆனால் அதன் யோக்கியதை ஏற்கெனவே தெரியும். நடுத்தரப் பருமனில் ஒன்று இருந்தது. வளைவின் இரு பக்கமும் சுத்தியால் தட்டியதுபோலத் தட்டையாக இருக்கும். அது ஒரு கிலோவுக்குள் இறங்கியது. இழுத்தால் பதினொரு கிலோவில் ஒரு மயிரிழை விரிந்தது. விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது.

"மறுபடி இழு" என்றார் நாத்தனார்.

ஆறு தடவை இழுத்தாள். ஆறு தடவையும் திரும்பி வந்தது.

அவளுடைய கணவன் பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். அக்காவைப் பார்க்க வந்தவன் மேஜையையும், சின்னாபின்னமான தன் செருப்பையும் பார்த்தான்.

"மீனுக்குத் தெரியுமா, உங்களுக்கு இவ்வளவு வெறின்னு? அது சரி, செருப்பு யாருதுக்கா?"

"பழசுதானேடா."

"ஒண்ணுதான் பழசு. இன்னொண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

அந்த வகையில் மூன்று பாக்கெட் வாங்கினார்கள். மொத்தம் பதினைந்து முள். "ஒண்ணு நல்லாருந்தா எல்லாம் நல்லாருக்கும்னு அர்த்தமில்ல அண்ணி. கம்பிக்கயிறுல நூறு மீட்டர் நல்லாருந்து ஒரு சாண் கெட்டிருந்தாலும் கயிறு கெட்டதுதான்" என்று சொல்லி, பதினைந்தையும் ஒவ்வொன்றாக ஏழு கிலோ இழுத்தாள். இரண்டு முட்கள் விரிந்தபடியே நின்றன. இன்னொன்றில் நூல் கட்டும் வளையம் சரியாக மூடாமல் இருந்தது. அந்த இடுக்கில் நூல் மாட்டினால் அறுத்துவிடும். மூன்றையும் குப்பையில் போட்டாள். மிச்சம் பன்னிரண்டு. நாத்தனார் அவற்றை ஆபரேஷனுக்கு எடுத்து வைப்பதுபோல ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாகக் குத்தி, துணியைச் சுருட்டி வைத்தார்.

அடுத்த போட்டி நாளன்று விசில் அடித்ததும் முப்பது படகுகள் கிளம்பின. வழக்கம்போலத் தானும் ஒரு படகில் போன கமிஷனர், காலை பத்து மணிக்கே மூன்று கிலோ நானூறு கிராமில் ஒரு மீனைக் கொண்டுவந்து எடை போட்டுவிட்டார். பாதிப் பேருக்கு அப்போதே கை தளர்ந்துவிட்டது.

ஏரியின் ஒரு மூலையில், நீருக்குள் மூழ்கிப் பட்டுப்போன மரங்கள் உண்டு. பெரிய மீன்கள் அங்கேதான் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் போகமாட்டார்கள். மீன் கவ்வியதும் அடிமரங்களுக்குள் புகுந்து நூலைச் சுற்றிவிடும். வெளியே இழுக்க வேண்டுமானால் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் ஏதாவது ஒன்று போகும்.

"அங்க போலாமா?" என்றார் நாத்தனார்.

"அதுக்குத்தானே இவ்வளவும்."

பதினோரு மணிவரை ஒன்றும் இல்லை. அவள் ரப்பர் புழுவை இரண்டு மரங்களுக்கு நடுவே போட்டு, அடிவரை இறங்கவிட்டாள். கதவை யாரோ ஒரு விரலால் தட்டுவதுபோல நூலில் ஒரு 'டொக்' கேட்டது. பிறகு நூல் தானாகப் பக்கவாட்டில் நகர்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொய்வைச் சுற்றி எடுத்து, கோலை ஓங்கி மேலே வீசினாள்.

கோல் வில்லாக வளைந்தது. முள் இறங்கிவிட்டது. அது தாடைக்குள் போய் உட்கார்ந்தது அவள் முழங்கைவரை தெரிந்தது.

மீன் நேராக மரத்தை நோக்கிப் பாய்ந்தது. படகின் மூக்கு அதோடு திரும்பியது.

"நூலை விடு, விடு! அறுத்துரும்!" என்று கத்தினார் நாத்தனார்.

"விட்டா உள்ள பூந்துரும் அண்ணி! விடமாட்டேன்!"

நூல் சுற்றும் ரீலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். காலைப் படகின் விளிம்பில் உதைத்துக்கொண்டாள். போன போட்டியில் இந்தக் கட்டத்தில் மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. என்ன போகும், எப்போது போகும் என்ற பயம். இன்றைக்கு அது இல்லை. நூல் எவ்வளவு தாங்கும் என்று தெரியும். கட்டிய முடிச்சு தெரியும். மீன் வாயில் இருக்கிற அந்த முள்ளை, அதே முள்ளை, அவளே இழுத்துப் பார்த்திருக்கிறாள். அவள் முழு பலத்தையும் போட்டு இழுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மீனை எதையும் மிச்சம் வைக்காமல் இழுத்தாள்.

மரத்துக்கு ஒரு கை தூரத்தில் மீன் நின்றது. பிறகு திரும்பியது.

திறந்த நீருக்கு வந்ததும் அது ஆள் உயரம் துள்ளி, வாயைப் பிளந்து, போன தடவை செய்ததுபோலவே தலையை உதறியது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. நூல் தொய்யவில்லை. நாத்தனார் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு கைவலையை நீருக்குள் சாய்த்துப் பிடித்தார். தியேட்டரில் இருபத்திரண்டு வருடம் நடுங்காத கை, அன்றும் நடுங்கவில்லை. ஒரே வீச்சில் அள்ளினார்.

இருவரும் படகின் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். முள் மேல்தாடையின் ஓரத்தில், தையல் போட்டதுபோலச் சுத்தமாக இறங்கியிருந்தது. நாத்தனார் இடுக்கியால் அதை ஒரு நொடியில் எடுத்தார்.

"அம்மாடி" என்றார்.

நான்கு கிலோ இருநூற்று அறுபது கிராம். கமிஷனர் ஒருமுறை படித்தார். தராசை ஆட்டிவிட்டு மறுபடியும் படித்தார். அந்த ஏரியில் சங்கம் எடை போட்டதிலேயே பெரிய மீன் அதுதான். அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார்.

"நாலு கிலோ எரநூத்தி அறுவது!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். கரை அதிர்ந்தது. ஒதுங்கி வந்து அவளிடம் மட்டும், "என்ன முள்ளும்மா அது?" என்று கேட்டார்.

"ஏன், மணிக்கட்டைப் பத்திக் கேக்கலயா?" என்றார் நாத்தனார்.

கமிஷனர் முகம் சிவந்தது. ஆனாலும் தப்பித்து ஓடாமல் நின்றார். "அது நான் சொன்னது தப்புதான்."

அவள் துணிச் சுருளைப் பிரித்துக் காட்டினாள். "பேரைக் கேட்டு வாங்கினா பத்தாதுங்க. ஒவ்வொண்ணா இழுத்துப் பாருங்க. நகத்துல கீறிப் பாருங்க. இந்த பாக்கெட்டுலயும் மூணு தேறல." சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் தலைகள் கூடின. ஒருவர் தன் டப்பாவையே திறந்து நீட்டினார். நாலைந்து பேர் அவரவர் முள்ளை எடுத்து நகத்தில் கீறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "அய்யய்யோ, வழுக்குதே!" என்று ஒரு குரல் கேட்டது.

மீனை நீரில் இறக்கியது அவள்தான். வாலைப் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தாள். அது இரண்டு தடவை செவுளை விரித்து, வாலால் அவள் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. அவள் கண்ணைத் துடைக்காமல் சிரித்தாள்.

நான்கு மணிக்குக் கோப்பை கொடுத்து முடித்தார்கள். மற்றவர்கள் படகுகளை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். கணவன் கோப்பையை முன்சீட்டில் வைத்து அதற்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டு, "ரெண்டு பேரும் ஏறுங்க, போலாம்" என்று திரும்பினான். யாரையும் காணோம்.

படகு கரையிலிருந்து இருபதடி போயிருந்தது.

"போட்டிதான் முடிஞ்சுதே!" என்று கத்தினான்.

"வெளிச்சம் இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குடா!" என்று துடுப்பைத் தூக்கிக் காட்டினார் அக்கா. "இந்தத் தடவ வலை அவ கையில. கோலு எனக்கு!"